போர்டில் ஒரே முனிகிருஷ்ணன்

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு போர்டு தொங்கும். மேலே 'உள்ளே இருப்பவர்கள்' என்று எழுதியிருக்கும். கீழே சிவப்பு விளக்கில் ஓர் எண். அந்த எண்ணைக் காப்பாற்றுவதுதான் என் உத்தியோகம். படித்தது எம்.சி.ஏ., பார்ப்பது எண்ணுக்குக் காவல். பொன்னேரியில் காலை ரயிலேறி நின்றுகொண்டே வந்து, கவரைப்பேட்டையில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்து, உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் கும்மிடிப்பூண்டி வந்துவிடும். 2007இல் என் பிழைப்பு மொத்தமும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அந்தப் புரோகிராமை எழுதியது நானல்ல. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த நியாஸ். எழுதி வைத்துவிட்டு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். பெற்றவன் போய்விட்டான், கட்டி மாரடிக்கிறவள் நான்.

அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. இரும்புக் கம்பியை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவெடுக்கிற கம்பெனி எங்களுடையது. ஆசிட் காற்றில் எதுதான் உருப்படும்? வாசலில் கார்டு தேய்க்கிற மிஷின் நாளுக்கொரு கார்டைச் சாப்பிடும். உடனே செக்யூரிட்டி சடையப்பன் ஒரு தற்காலிகக் கார்டு கொடுத்து அனுப்புவார். ஆள் ஒரு கார்டில் உள்ளே போவான், இன்னொரு கார்டில் வெளியே வருவான். முதல் கார்டு உள்ளேயே இருப்பதாக போர்டு காட்டும். ஒருமுறை தீ ஒத்திகையில் எல்லோரும் வெளியே வந்த பிறகும் போர்டு 'இன்னும் ஆள் இருக்கிறது' என்று அடம்பிடித்தது. தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு ஷெட் ஷெட்டாகத் தேடினார்கள். தேடப்பட்ட ஆள் கவரைப்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நிர்வாகத்தையும் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்கிற சின்னதுரை சாருக்கு அன்றைக்கு மானம் கப்பலேறியது. இனிமேல் கார்டை எண்ணாதே, ஆளை எண்ணு என்று நியாஸைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

ஆளை எண்ணுவது என்ன லேசா? புரோகிராமுக்குள் ஒவ்வோர் ஆளும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது அவரைப் பற்றிய விவரங்களைக் கட்டிவைத்த பொட்டலம். இயந்திரத்தை அதன் போக்கில் விட்டால் அது ரொம்ப நேர்மையான ஜென்மம். இரண்டு ஆப்ஜெக்ட்டும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒன்று என்று ஒப்புக்கொள்ளும். இல்லையென்றால் வேறு வேறு. அதை மாற்ற வேண்டுமானால் 'ஈக்வல்ஸ்' என்று ஒரு பகுதியை நாமே எழுதி, எதெது ஒத்துப்போனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பழவேற்காட்டில் என் வாப்பாவின் மளிகைக் கடையில் ஒரு கிலோ சீனியும் இன்னொரு கிலோ சீனியும் ஒன்றுதான். எதைக் கட்டிக் கொடுத்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் என் தம்பி அஸ்கர் அலிக்குப் பதிலாக எதிர்வீட்டு அஸ்கர் அலியைக் கூட்டிக்கொண்டு போனால் உம்மா விளக்குமாற்றை எடுப்பார். எது சீனி, எது தம்பி என்று தீர்மானிக்கிற இடம்தான் ஈக்வல்ஸ்.

நியாஸ் எழுதியது இதுதான்: பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி. நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள். உள்ளே இருக்கும் ஒருவனை இன்னொரு முறை சேர்க்கப் பார்த்தால், 'இவன் ஏற்கெனவே இருக்கிறான்' என்று புரோகிராம் சேர்க்காமல் விட்டுவிடும். வெளியே போகும்போது நான்கும் ஒத்துப்போகிற ஆளை எடுத்துவிடும். நான்கு விஷயமும் ஒன்றாக இருக்கிற இரண்டு பேர் எங்கே இருக்கப்போகிறார்கள்? நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இருந்தார்கள். எங்கள் ஊர் ஏரிக்கரையிலேயே இருந்தார்கள்.

ஒரு நாள் சடையப்பன் கேட்டிலிருந்து போன் போட்டு, மிஷின் பேஜாரு பண்ணுகிறது, வந்து பாருங்கள் என்றார். போனேன். காண்ட்ராக்டில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கொஞ்சம் தடித்த உடம்பு, மீசை. இன்னொருவர் ஒல்லி, கன்னம் ஒட்டியவர். முதல் ஆளின் கார்டை மிஷின் ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாவது ஆள் தேய்த்தால் 'ஏற்கெனவே உள்ளே' என்று மிஷின் கத்துகிறது. பெயர் கேட்டேன். ஒருவர் முனிகிருஷ்ணன் என்றார். இன்னொருவரும் முனிகிருஷ்ணன். அப்பா பெயர் முனுசாமி, இவருக்கும் முனுசாமி. ஒரே குப்பம். பிறந்த தேதிகூட ஒன்றுதான். இரட்டையா என்றால் முகத்தில் ஒரு ஜாடையும் இல்லை. இரட்டைப் பிள்ளைகளுக்கு யார் ஒரே பெயர் வைப்பார்கள்?

மீசைக்காரர்தான் விளக்கினார். இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அவர்கள் வழக்கப்படி தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைக்க வேண்டும். தாத்தாவின் மகன்கள் இரண்டு பேரும், நீயா நானா என்று, ஆளுக்கொரு முனிகிருஷ்ணனை உண்டாக்கிவிட்டார்கள். வீட்டில் பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்டால் தீர்ந்தது. அதுவரைக்கும் சரி, அப்பா பெயர் எப்படி ஒன்றாச்சு என்று எரிச்சலோடு கேட்டேன்.

"இவுங்க நைனா ஏரிக்குப் போனவரு திரும்பல மேடம். எங்க நைனாதான் ரெண்டு பேரையும் ஒரே நாள்ல இஸ்கூலுக்கு இட்டுக்கினு போனாரு. இவன் அப்பன் பேரு இன்னான்னு வாத்தியாரு கேட்டாரு. செத்தவன் பேர எதுக்கு எழுதணும், புள்ள மனசு ஒடிஞ்சிடும்னு தன் பேரையே சொல்லிட்டாரு. வாத்தியாரு ஒரே தேதியப் போட்டு முடிச்சிட்டாரு."

சின்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியவில்லை. ஒரு மனுஷர் அப்பன் இல்லாத பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் செய்துவிடுகிற காரியமா அது? புரோகிராம் எழுதிய ஜாவா மொழி அதைப் பற்றி ஒன்றும் கேள்விப்பட்டதில்லை.

சடையப்பன் தன் பாணியில் வழி கண்டுபிடித்தார். ஒருவர் கார்டு தேய்த்தால் போதும், இன்னொருவரைக் கையசைத்து உள்ளே விட்டுவிடுவது. போகும்போதும் அப்படியே. அவருக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இரண்டு பேர் உள்ளே இருந்தாலும் போர்டில் ஒரே முனிகிருஷ்ணன்.

நான் சின்னதுரை சாரிடம் போய்ச் சொன்னேன். ஆளுக்கொரு நிரந்தர எண் கொடுப்போம், ஈக்வல்ஸ் அந்த எண்ணை மட்டும் பார்க்கட்டும், கார்டு எத்தனை மாறினாலும் எண் மாறாது, ஒரு வார வேலை என்றேன். ஆடிட் முடியட்டும் என்றார். ஆடிட் முடிந்தது. ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும் என்றார். நடுவில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தேன். சாப்பிட விடும்மா என்றார். பாவம், அவரும் வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவர். சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்தால் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

சங்கு நிஜமாகவே ஊதியது ஐப்பசியில். காலை டீ முடிந்த நேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. ஆசிட் ஷெட்டில் பெரிய குழாய் வெடித்து வெள்ளைப் புகை கிளம்பியது. சங்கு ஊதினால் கார்டைத் தேய்த்துவிட்டு கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் போய் நிற்க வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். போர்டில் எண் சரசரவென்று இறங்கியது. இறங்கி, சைபரில் நின்றது. சின்னதுரை சார் அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். அப்போதுதான் தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். சார் போர்டைக் காட்டினார். ஆள் இல்லையென்றால் வெளியிலிருந்தே தண்ணீர் அடித்துப் புகையை அமுக்கலாம் என்று அவர்கள் குழாயை இழுக்க ஆரம்பித்தார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மீசைக்காரரான பெரிய முனி வந்தார். அவர் பேக்கிங்கில் வேலை, முன்னாலேயே வெளியே வந்துவிட்டவர். சின்ன முனிக்கு ஆசிட் ஷெட்டில், பம்ப் குழிக்குள் வேலை. பெரியவர் ரோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடிவிட்டார், தம்பி இல்லை. உள்ளே ஓடப் பார்த்தவரை இரண்டு செக்யூரிட்டிகள் கட்டிப் பிடித்தார்கள். தம்பி உள்ளே இருக்கிறான் என்று சாரிடம் கெஞ்சினார்.

சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் உள்ளே ஆள் என்று தேடினார்கள், தேடப்பட்டவன் டீக்கடையில் இருந்தான் என்றார். உன் பெயர் என்ன என்று கேட்டார். முனிகிருஷ்ணன். கார்டு மிஷின் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தார். முனிகிருஷ்ணன் வெளியே வந்தாயிற்று, நீதானே அது, அப்புறம் என்ன என்றார்.

பெரிய முனி கத்தவில்லை. அடித்தொண்டையில் கேட்டார்.

"நான் வெளிய வந்தா அவன் வந்த மாதிரியா சார்? நான் வேற, அவன் வேற சார்."

யா அல்லா, இதைத்தானே இத்தனை மாதமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது உண்மை, இரண்டு முனிகிருஷ்ணன் இருக்கிறார்கள், போர்டுதான் பொய் என்று சாரிடம் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். உன் சிஸ்டத்தை நீயே நம்பவில்லையா, இன்னொரு தடவை இந்த ஆட்களை வீணாக உள்ளே அனுப்பினால் என் கதி என்ன ஆகும் என்றார். புகை கேட்டுவரை வந்துவிட்டது. கண் எரிந்தது. இந்த மனுஷருக்கு ஆள் சொன்னால் ஏறாது, போர்டு சொன்னால்தான் ஏறும்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. போர்டையே சொல்ல வைத்தால் என்ன?

பெரிய முனியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட் ரூமுக்கு ஓடினேன். வழியில் நின்ற சடையப்பனிடம் சொன்னேன்.

"அண்ணே, இவரு கார்ட உள்ள போற பக்கம் தேயுங்க. கேக்காதீங்க, தேயுங்க."

சடையப்பன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். கார்டை வாங்கித் தேய்த்தார். போர்டில் சைபர் போய் ஒன்று வந்தது. பெரிய முனியை கேட் ரூம் மேஜைக்குக் கீழே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். போர்டின்படி அவர் இப்போது உள்ளே இருக்கிறார். வெளியே தலை தெரியக் கூடாது. நியாஸின் ஈக்வல்ஸுக்கு இவரும் ஒன்று, அவரும் ஒன்று. தொலையட்டும், ஒரு தடவையாவது அது உதவட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தீயணைப்பு அதிகாரிதான் முதலில் பார்த்தார். உள்ளே ஒருவர் என்று காட்டுகிறதே என்றார். சார் முகத்தில் ரத்தமில்லை. முகமூடி மாட்டிய இருவர் உள்ளே போனார்கள். மேஜைக்குக் கீழே பெரிய முனி கங்கம்மா, கங்கம்மா என்று அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கதவு வழியாகக் கேட்டது. நானும் எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். போன உயிர் வந்த மாதிரி, ஒருவர் தோளில் சின்ன முனி வந்தார். பம்ப் குழிக்குள் ஈரச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு கிடந்தாராம். மூச்சு இருந்தது.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். சடையப்பன் தண்ணீர் கொடுத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக ரயிலேறியிருப்பேன். விசாரணை என்று ஒன்று வந்தது. கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? முனிகிருஷ்ணன் பத்திரமாக வெளியே போனார். அதே முனிகிருஷ்ணன் சங்கு ஊதிய பிறகு, விதியை மீறி, மறுபடி உள்ளே போனார். அங்கே மயங்கி விழுந்தார். தப்பு முழுக்க முனிகிருஷ்ணன்மேல். முனிகிருஷ்ணனின் கேட் பாஸ் ரத்து. ரத்து செய்ததும் மிஷின் கணக்கில் இருவருக்குமே வாசல் மூடிவிட்டது. ஈக்வல்ஸ் அந்த விஷயத்தில் பாரபட்சம் பார்க்கவில்லை.

சாரின் அறைக்குப் போய், கார்டைத் தேய்க்கச் சொன்னது நான், எழுதுவதென்றால் என் பெயரை எழுதுங்கள் என்றேன். நல்ல கோபத்தில்தான் போனேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். எனக்கும் தெரியும்மா என்றார். போர்டு பொய் சொன்னது என்று வெளியே போனால் கம்பெனிக்குப் பூட்டு. நீ சொன்னாய் என்று எழுதினால் தேய்த்த சடையப்பனும் வீட்டுக்குப் போவார். அறிக்கையில் ஒரு பெயர் இருந்துதான் ஆக வேண்டும். நீ கேட்ட நிரந்தர எண்ணை இப்போது போட்டுக்கொள், இரண்டு பேரையும் பிரி, ஒருவனுக்காவது வேலை மிஞ்சும் என்றார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"உள்ள திரும்பிப் போனது எந்த முனிகிருஷ்ணன்னு அவங்ககிட்டயே கேட்டுச் சொல்லும்மா. நான் கேக்க மாட்டேன், எனக்குத் தெம்பு இல்ல."

எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது தெம்பு? ஆனாலும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் பெரிய முனியிடம், இருவரில் ஒருவர்தான் திரும்பி வர முடியும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் யோசிக்கவே இல்லை. தன்மேல் எழுதச் சொன்னார். தம்பிக்கு நெஞ்சு புண்ணாகிவிட்டது, இனிமேல் அவன் தண்ணீரில் இறங்க முடியாது, கம்பெனியில் உட்கார்ந்த வேலையாகப் பார்த்துக் கொடுங்கள், எனக்கு ஏரி இருக்கிறது என்றார். ஏரியில் இப்போதெல்லாம் என்ன கிடைக்கிறது என்று எங்கள் ஊர்க்காரியான எனக்குத் தெரியாதா? தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். நான் சொல்லாவிட்டால் ஊர் சொல்லாதா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஈக்வல்ஸைத் திருத்தினேன். நியாஸின் நான்கு வரிகளை அழித்துவிட்டு, நிரந்தர எண் ஒத்துப்போகிறதா என்று கேட்கிற ஒரே வரி. அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்குத்தான் அவ்வளவு ஆடிட், அவ்வளவு ஹெட் ஆபீஸ். பெரிய முனியின் எண்ணில் ரத்து என்று போட்டேன். சின்ன முனியின் எண்ணில் எதுவும் போடவில்லை. ஸ்டோரில் அவருக்கு உட்கார்ந்த வேலைக்கு சாரிடம் சண்டை போட்டு வாங்கினேன். மறுபடி சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம், அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தை பிறந்து சின்ன முனி வந்தார். இன்னும் ஒல்லியாகியிருந்தார். பேசினால் இடையில் இருமல் வந்தது. சடையப்பன் புதுக் கார்டைக் கொடுத்தார். தேய்த்ததும் மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. போர்டில் எண் ஒன்று கூடியது. முதல்முறையாக, கூடிய அந்த ஒன்று அவருக்கே உரியது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, அண்ணனுக்கும் பச்சை எரியுமா என்று கேட்டார். எரியாது என்றேன். அன்றைக்குப் புகைக்குள் கிடந்தது தான்தானே, ரத்து மட்டும் அண்ணன்மேல் ஏன் என்றார். நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார், குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் இரண்டு பேரையும் வேறு வேறு என்று நிரூபிக்க நான் பட்ட பாடு தெரியுமா, அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு எங்கே போய் என்ன செய்வீர்கள், பேசாமல் உள்ளே போங்கள் என்று கேட்டில் நின்று கத்தினேன். சடையப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்ன முனி நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கார்டை வெளியே போகிற பக்கம் தேய்த்தார். போர்டில் எண் ஒன்று குறைந்தது. கார்டை என் கையில் வைத்தார்.

"அவங்க நைனா பேரப் போட்டுக்கினுதான் நான் படிச்சேன் மேடம். ஊட்டுல நாங்க ரெண்டு பேரு இல்ல, ஒரே ஆளுதான். அண்ணனுக்கு இல்லாத கேட்டு எனக்கும் வாணாம்."

இருமிக்கொண்டே ரோட்டைத் தாண்டிப் போனார். அந்தப் பக்கம் பெரிய முனி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பியை உள்ளே விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவர், அவர் திரும்பி வருவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஏதோ திட்டினார். சின்னவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

நான் சீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டு முனிகிருஷ்ணன், இரண்டு எண். புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. சின்னவரின் எண்ணிலும் ரத்து என்று போட வேண்டியிருந்தது. போட்டேன்.